பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்தை இசைத்தட்டில் கேட்பது எப்படி?

1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்தில் ஆஸ்டன் என்ற தொழிலாளர் பகுதியைச் சேர்ந்த நான்கு இளைஞர்களின் முதல் ஆல்பம் அன்று வெளிவந்தது. குழுவின் பெயர் பிளாக் சபாத். ஆல்பத்தின் பெயரும் அதுதான், முதல் பாட்டின் பெயரும் அதுதான். ஹெவி மெட்டல் இங்கேதான் பிறந்தது என்று பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். 2025 ஜூலை 5 அன்று அதே ஆஸ்டனில் உள்ள வில்லா பார்க் மைதானத்தில் அந்த நால்வரும் கடைசியாக ஒரே மேடையில் ஏறினார்கள். அந்த மாதம் 22ஆம் தேதி பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் காலமானார். அந்தச் செய்தியைப் பார்த்துத்தான் இந்தக் குழுவைத் தேட ஆரம்பித்தீர்கள் என்றால், தொடங்க வேண்டிய இடம் இந்த முதல் ஆல்பம்தான்.

போனில் கேட்டால் போதாதா? கேட்கலாம், தப்பில்லை. ஆனால் இந்த ஆல்பத்தின் கதை கொஞ்சம் வேறு. 1969 கடைசியில் லண்டனில் ரீஜென்ட் சவுண்ட் என்ற ஸ்டுடியோவுக்குப் போய், மேடையில் வாசிப்பது போலவே எல்லோரும் சேர்ந்து வாசித்து, ஒரே நாளில் பதிவை முடித்துவிட்டார்கள். தயாரிப்பாளர் ரோஜர் பெயின், ஒலிப்பதிவுப் பொறியாளர் டாம் ஆலம். மழை, மணி, இடி இவையெல்லாம் பிறகு சேர்த்தவை. கிட்டத்தட்ட 38 நிமிஷம். முதல் பக்கம் இருபது நிமிஷத்துக்குச் சற்று மேல், இரண்டாம் பக்கம் பதினெட்டு நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவு. பாட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று நுழைகின்றன. எங்கே நிறுத்தி மூச்சு வாங்குவது என்பதுகூடத் தட்டின் இரண்டு பக்கங்களை வைத்துத்தான் தீர்மானமாகியிருக்கிறது. போனில் முதல் அரை நிமிஷம் மழைச் சத்தம் மட்டும் வந்தால் விரல் தானாகவே தள்ளிவிடப் பார்க்கும். தட்டில் அந்தச் சபலம் வராது. ஒரு பக்கத்தை முழுதாகக் கேளுங்கள், இடையில் எழுந்திருக்காதீர்கள். இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

எந்தத் தட்டை வாங்குவது?

1970இல் இங்கிலாந்தில் வெர்டிகோ நிறுவனம் வெளியிட்ட அசல் தட்டின் நடுவே கறுப்பு வெள்ளையில் ஒரு சுழல் வட்டம் அச்சாகியிருக்கும். சேகரிப்பாளர்கள் அதற்காகப் பெரும்பணம் கொடுக்கிறார்கள். முதல்முறை கேட்பவருக்கு அது தேவையே இல்லை. ஐரோப்பாவில் பி.எம்.ஜி.யும் அமெரிக்காவில் ரைனோவும் மறுபதிப்புகளை வெளியிட்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று தாராளமாகப் போதும்.

ஆனால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். இங்கிலாந்துப் பதிப்பும் அமெரிக்கப் பதிப்பும் ஒன்றல்ல. இங்கிலாந்துத் தட்டில் இரண்டாம் பக்கம் 'ஈவில் உமன்' பாட்டோடு தொடங்கும். அமெரிக்கத் தட்டில் அந்த இடத்தில் 'விக்கெட் வேர்ல்ட்' இருக்கும். போதாததற்கு, அமெரிக்கத் தட்டில் சில பாட்டுகளின் முன்னுரை வாசிப்புகளுக்கும் தனிப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பட்டியல் நீளமாகத் தெரிந்தாலும் கூடுதலாகப் பாட்டு எதுவும் கிடையாது. பின்அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள். 'ஈவில் உமன்' அவர்களுடைய சொந்தப் பாட்டு இல்லை. அமெரிக்காவின் மினியாபொலிஸைச் சேர்ந்த க்ரோ என்ற குழுவின் பாட்டு. சிங்கிள் எனப்படும் சிறு தட்டாகத் தனியே வெளியிட ஏற்றதாக ஒரு பாட்டு வேண்டும் என்பதற்காகப் பதிவு செய்தது. 'விக்கெட் வேர்ல்ட்' அந்தச் சிறு தட்டின் மறுபக்கத்தில் வந்தது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் மேல். அதில் பில் வார்டின் டிரம்ஸ் ஜாஸ் வாசிப்பாகவே ஓடும்.

பழைய தட்டு வாங்குவதாக இருந்தால் விற்பவர்கள் பயன்படுத்தும் தரக்குறியீடு தெரிந்திருக்க வேண்டும். மிண்ட், நியர் மிண்ட், வெரி குட் பிளஸ், வெரி குட், குட் என்று இறங்கிக்கொண்டே போகும். கடைசியில் இருக்கும் 'குட்' என்ற பெயரை நம்பி ஏமாறாதீர்கள். அந்தத் தட்டு நன்றாகத் தேய்ந்து இரைச்சலோடுதான் பாடும். வெரி குட் பிளஸுக்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது. கடையில் வாங்கினால் தட்டை வெளியே எடுத்து ஒரு விளக்கின் கீழே சாய்த்துப் பாருங்கள். மேலோட்டமான மெல்லிய கோடுகள் பெரும்பாலும் கேட்காது. நகத்தால் தடவினால் தட்டுப்படும் கீறல் நிச்சயமாகக் கேட்கும். அப்புறம் தட்டைக் கண் மட்டத்தில் பிடித்து நெளிவு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த பிளேயர்?

சூட்கேஸ் போல மூடி வைத்த, அழகான வண்ணங்களில் வரும் மலிவான பிளேயர்களைத் தவிர்த்துவிடுங்கள். ஊசியைத் தாங்கி அதன் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பகுதிக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர். அவற்றில் பெரும்பாலானவற்றில் செராமிக் கார்ட்ரிட்ஜ் இருக்கும். ஊசி தட்டை 5 கிராம் வரை, சில சமயம் அதற்கும் மேல், அழுத்தும். சாதாரணமாக நல்ல மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் ஒன்றின் அழுத்தம் 2 கிராம் அளவில்தான் இருக்கும். அதோடு, அந்தப் பெட்டிக்குள்ளேயே இருக்கும் சின்ன ஸ்பீக்கரில் கீசர் பட்லரின் பேஸ் கிடார் காணாமலே போய்விடும். இந்த ஆல்பத்தில் பேஸ் போனால் பாதி ஆல்பம் போச்சு.

ஆரம்பிப்பவர்களுக்கு ஆடியோ டெக்னிகாவின் எல்.பி.60எக்ஸ் போன்ற தானியங்கி மாடல் போதும். பட்டனை அமுக்கினால் ஊசி தானாக இறங்கும், பக்கம் முடிந்ததும் தானாக எழுந்து வரும். அழுத்தத்தைத் தொழிற்சாலையிலேயே அமைத்துவிடுகிறார்கள், நாம் திருத்த ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் அதே நிறுவனத்தின் எல்.பி.120எக்ஸ், ரெகா பிளானர் 1 போன்றவை இருக்கின்றன. அவற்றில் கார்ட்ரிட்ஜைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம்.

வெளிநாட்டிலிருந்து யாராவது பழைய பிளேயர் கொண்டுவந்து கொடுத்தால் மோட்டாரைப் பற்றி விசாரியுங்கள். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. சில பழைய ஏ.சி. மோட்டார்கள் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பொறுத்தே சுற்றும். வோல்டேஜைச் சரிசெய்யும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் வேகம் ஆறில் ஐந்து பங்காகத்தான் இருக்கும். நிமிஷத்துக்கு 33⅓ சுற்று சுற்ற வேண்டிய தட்டு 28க்கும் குறைவாகச் சுற்றும். ஏற்கெனவே மெதுவாக நகரும் பிளாக் சபாத் அந்த வேகத்தில் தவழும். சில மாடல்களுக்கு 50 ஹெர்ட்ஸ் கப்பி தனியாகக் கிடைக்கும்.

ஃபோனோ ப்ரீஆம்ப் என்ற சின்னப் பெட்டி

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் சிக்னல் சில மில்லிவோல்ட்தான். அதோடு, தட்டில் ஒலிக்கான பள்ளத்தை வெட்டும்போதே பேஸ் எனும் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் மேல் ஒலிகளைக் கூட்டியும்தான் வெட்டுவார்கள். பேஸை அப்படியே வெட்டினால் பள்ளம் இடமும் வலமும் அகலமாக ஓடி இடத்தை விழுங்கிவிடும். மேல் ஒலிகளைக் கூட்டி வெட்டினால் தட்டின் இரைச்சல் அடியில் அமுங்கிவிடும். இதற்கு ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற பொது அளவுகோல் 1950களிலேயே வந்துவிட்டது. வெட்டும்போது செய்த மாற்றத்தைத் திருப்பி நேராக்கி, சிக்னலையும் பெரிதாக்குவதுதான் ஃபோனோ ப்ரீஆம்ப்பின் வேலை.

மேலே சொன்ன இரண்டு ஆடியோ டெக்னிகா மாடல்களிலும் இது உள்ளேயே இருக்கிறது. பின்பக்கம் ஒரு ஸ்விட்ச் இருக்கும். ஆம்ப்ளிஃபயரில் ஃபோனோ என்ற துளை இருந்து அதில் இணைத்தால், பிளேயரின் ஸ்விட்சை ஃபோனோவில் வையுங்கள். ஆக்ஸ் துளையில் அல்லது ஆம்ப்ளிஃபயரை உள்ளேயே கொண்ட பவர்டு ஸ்பீக்கரில் நேரடியாக இணைத்தால் லைன் என்பதில் வையுங்கள். ஒலி மெலிந்து, பேஸே இல்லாமல், ஈனமாக வந்தால் நடுவில் ப்ரீஆம்ப் இல்லை என்று பொருள். காதைக் கிழித்துக்கொண்டு கரகரவென்று வந்தால் இரண்டு ப்ரீஆம்ப் சேர்ந்துவிட்டது என்று பொருள். 'உம்ம்' என்று ஒரு ரீங்காரம் நிற்காமல் கேட்டால் முதலில் கிரவுண்ட் ஒயரைப் பாருங்கள். சில பிளேயர்களில் மெல்லிய ஒயர் ஒன்று தனியாகத் தொங்கும். அதை ஆம்ப்ளிஃபயரின் பின்னால் இருக்கும் திருகில் முடுக்க வேண்டும்.

பொருத்தி வைப்பது

பிளேயர் மட்டமாக நிற்க வேண்டும். போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் வசதியே போதும், தட்டு உட்காரும் பிளாட்டரின் மேல் போனை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஸ்பீக்கரை அதே மேசையில் வைக்காதீர்கள். ஸ்பீக்கரின் அதிர்வு மேசை வழியாக ஊசிக்குப் போய், ஊசியிலிருந்து மறுபடி ஸ்பீக்கருக்கே வரும். பேஸ் கனமான இந்த ஆல்பத்தில் அது சீக்கிரமே வீங்கி உறுமலாகிவிடும்.

தானியங்கி அல்லாத மாடலில் ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்மின் எடையை நாமே சமன் செய்ய வேண்டும். முதலில், கை தட்டின் நடுப்பக்கம் இழுபடுவதை ஈடுகட்டும் ஆன்டி ஸ்கேட்டைப் பூஜ்யத்தில் வைத்து, ஊசியின் மூடியைக் கழற்றுங்கள். பின்பக்க எடையை மெதுவாகத் திருகி, கை மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் காற்றில் மிதக்கும்படி கொண்டுவாருங்கள். மிதந்ததும் எடையை அசைக்காமல் அதன் முன்னால் இருக்கும் எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். பிறகு எடையையும் வளையத்தையும் சேர்த்துத் திருகி, கார்ட்ரிட்ஜுக்குச் சொல்லப்பட்ட அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஆடியோ டெக்னிகா வி.எம்.95ஈ என்றால் 2 கிராம். ஆன்டி ஸ்கேட்டையும் அதே எண்ணில் வையுங்கள். 'குறைவாக அழுத்தினால் தட்டு தேயாது' என்று சொல்லுவார்கள், கேட்காதீர்கள். அழுத்தம் போதாவிட்டால் ஊசி பள்ளத்துக்குள் நிலையாக நிற்காமல் சுவரில் மோதும். தட்டைக் கெடுப்பது அதுதான்.

தட்டை ஓரத்திலும் நடு லேபிளிலும் மட்டுமே பிடியுங்கள். பிளாட்டர் சுற்றும்போது கார்பன் ஃபைபர் பிரஷ்ஷைத் தட்டின் மேல் இரண்டு மூன்று சுற்றுக்கு லேசாக வைத்து, அப்படியே வெளிப்பக்கமாக இழுத்து எடுத்துவிடுங்கள். ஊசியைத் துடைக்கும் பிரஷ் வேறு. அதைப் பின்னாலிருந்து முன்னால் மட்டும்தான் இழுக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் ஊசி முறிந்துவிடலாம். கேட்கும் நேரத்தில் மின்விசிறியை நிறுத்த முடிந்தால் நிறுத்திவிடுங்கள், தட்டின் மேல் தூசி விழுவது நன்றாகவே குறையும்.

முதல் பக்கம்

ஊசியை வைத்ததும் மழை கேட்கும். தூரத்தில் ஒரு தேவாலய மணி, நடுவில் இடி. உங்கள் தட்டும் ஊசியும் எப்படி இருக்கின்றன என்பதை இங்கேயே தெரிந்துகொள்ளலாம். மழை சீராக, விரிந்து, ஒரே பரப்பாகக் கேட்கும். தூசி அப்படியில்லை, திடீர் திடீரென்று, மழைக்கு முன்னால் வந்து நிற்பது போல் 'சட்' என்று வெடிக்கும். ஒரே சத்தம் சரியாக 1.8 விநாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தால் அது கீறல். 33⅓ வேகத்தில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் அவ்வளவுதான். மழை முழுக்கவே பொரிவது போல் இருந்தால் ஊசியை எடுத்துவிட்டுத் தட்டை மறுபடி துடைத்து ஆரம்பியுங்கள். ஒலியளவையும் மழைக்கு ஏற்றபடி கூட்டி வைக்காதீர்கள். அடுத்து வருவது மழையைவிடப் பல மடங்கு பெரிது.

அடுத்து வருவது மூன்றே சுரம். கர்நாடக இசை பழகிய காதுக்கு இப்படிச் சொல்லலாம்: ஆதார ஷட்ஜம், மேல் ஷட்ஜம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்யமத்தில் வந்து நின்று அதிர்கிறது. இன்னும் அரைச் சுரம் ஏறினால் பஞ்சமம், காது நிம்மதியாகிவிடும். அந்த நிம்மதியைக் கொடுக்காமல் அங்கேயே நிறுத்தி வைப்பதுதான் இந்தப் பாட்டின் மொத்தப் பயமும். ஆங்கில இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் கிரகங்களைப் பற்றி எழுதிய இசைத்தொகுப்பில் செவ்வாய்க்கான பகுதியைக் கீசர் பட்லர் வாசித்துக்கொண்டிருந்ததிலிருந்து கிளைத்தது இது. முடிவை நெருங்கும்போது பாட்டு திடீரென்று வேகம் பிடித்து ஓடும். அதுவரை பொறுமையாக இருந்தவர்களுக்கே அந்த ஓட்டத்தின் சுகம் தெரியும்.

கிடாரிஸ்ட் டோனி அயோமியின் கையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். பதினேழு வயதில், தகரப் பட்டறை வேலையின் கடைசி நாளில், இயந்திரத்தில் சிக்கி வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் துண்டாகிவிட்டன. அவர் இடது கைக்காரர், அதனால் தந்தியை அழுத்துவது வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, அதன் மேல் தோலை ஒட்டி, மெல்லிய தந்திகளைப் போட்டு வாசிக்கப் பழகினார். பிரதி மத்யமத்தில் நின்று அதிரும் அந்தச் சுரத்தைக் கேட்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக வரும் 'தி விசர்ட்' பாட்டில் ஹார்மோனிகா வாசிப்பவர் ஓஸி. இவர்கள் ப்ளூஸ் குழுவாகத் தொடங்கியவர்கள், எர்த் என்பதுதான் பழைய பெயர் என்பது இந்தப் பாட்டில் அப்படியே தெரியும். மூன்றாவது பாட்டு முடிந்ததும் எல்லாம் அடங்கி, பேஸ் கிடார் மட்டும் தனியாக, வா வா பெடலில் வாயைத் திறந்து மூடுவது போல் பேசும். அதிலிருந்து 'என்.ஐ.பி.' எழுகிறது. இந்தப் பெயருக்கு அமெரிக்காவில் என்னென்னவோ சாத்தானிய விளக்கம் சொன்னார்கள். உண்மையில் பில் வார்டின் தாடி பேனா நிப்பைப் போல் இருந்தது, நண்பர்கள் அவரை அப்படி அழைத்தார்கள், அவ்வளவுதான்.

'என்.ஐ.பி.' பக்கத்தின் உள்ளோரத்தில் இருக்கிறது. தட்டு சுற்றும் வேகம் மாறாவிட்டாலும் வெளியோரத்தில் ஒரு விநாடிக்கு அரை மீட்டர் பள்ளம் ஊசியைக் கடக்கும். உள்ளே போகப் போக அது பாதிக்கும் கீழே குறைந்துவிடும். ஒலியை எழுதி வைக்க அங்கே இடம் குறைவு. அதனால் குரலில் 'ஸ்', 'ஷ்' சத்தங்கள் கொஞ்சம் கொரகொரப்பாகக் கேட்டால் பயப்பட வேண்டாம். மிக மோசமாக இருந்தால் மட்டும் கார்ட்ரிட்ஜ் நேராகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள்.

திருப்பிப் போடுவதற்கு முன்

உடனே திருப்பாதீர்கள், அட்டையைக் கையில் எடுங்கள். முகப்பில் இருப்பது ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் தேம்ஸ் நதிக்கரையில் உள்ள மேப்பிள்டர்ஹம் என்ற பழைய நீராலை, அதன் முன்னால் கறுப்பு உடையில் ஒரு பெண். கீஃப் என்ற பெயரில் அறியப்பட்ட கீத் மக்மிலன் எடுத்த படம். அந்த வெளிறிய இளஞ்சிவப்பு நிறம் அகச்சிவப்பு ஃபிலிமில் எடுத்ததால் வந்தது. பன்னிரண்டு அங்குல அட்டையில்தான் அந்தப் பெண்ணின் முகம் உங்களைப் பார்ப்பது தெரியும். போன் திரையில் அது ஒரு கறுப்புப் புள்ளி. அசல் பதிப்பின் உள்ளே தலைகீழ்ச் சிலுவை ஒன்றும் அதற்குள் ஒரு கவிதையும் இருக்கும். குழுவைக் கேட்காமலேயே நிறுவனம் வைத்த சிலுவை அது. அவர்களைச் சாத்தானை வழிபடுபவர்கள் என்று உலகம் நம்பியதில் அந்தச் சிலுவைக்கும் பங்கு உண்டு. முதல் பாட்டின் வரிகளைக் கவனித்தால் அங்கே ஒருவன் பயந்து கடவுளின் உதவியைக் கேட்டுக் கதறுவதுதான் கேட்கும்.

இரண்டாம் பக்கம்

முதல் பாட்டைப் பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். அடுத்த 'ஸ்லீப்பிங் வில்லேஜ்' தொடங்கும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மெல்லிய கிடாரின் கூடவே டொய்ங் டொய்ங் என்று ஒரு சத்தம் வரும். நமக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். நம்மூர்க் கச்சேரி மேடையில் கடத்துக்கும் மிருதங்கத்துக்கும் பக்கத்தில் உட்காரும் மோர்சிங் குடும்பத்தைச் சேர்ந்த வாத்தியம் அது, ஐரோப்பியர்களிடமும் உண்டு. தயாரிப்பாளர் ரோஜர் பெயினே வாசித்திருக்கிறார். போன் ஸ்பீக்கரில் இது வெறும் கிணுகிணுப்பு. தட்டில் அந்த இரும்பு நாக்கு அதிர்ந்து அடங்குவதுவரை கேட்கும்.

அங்கிருந்து 'வார்னிங்' வரை நிற்காமல் போகும். அயின்ஸ்லி டன்பரின் குழு பாடிய ஒரு சிறிய ப்ளூஸ் பாட்டு இது. இவர்கள் கையில் பத்து நிமிஷத்தைத் தாண்டிவிட்டது. நடுவில் பாட்டு நின்றுபோய் அயோமி தனியாகக் கிடாரோடு அலைந்துகொண்டிருப்பார். சிலருக்கு இது இழுவையாகத் தோன்றும். இந்த ஆல்பத்தின் உயிரே இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். திருத்தம் பார்க்க நேரமில்லாத ஒரு நாளில், மேடையில் வாசிப்பதை அப்படியே வாசித்த நாலு பேரை இந்தப் பத்து நிமிஷத்தில்தான் முழுசாகக் கேட்க முடிகிறது. கிடாரை மட்டும் பின்தொடராமல் டிரம்ஸையும் பேஸையும் பின்தொடர்ந்து பாருங்கள், இழுவை என்ற எண்ணம் போய்விடும். அன்றைய விமர்சகர்கள் பலருக்கு ஆல்பமே பிடிக்கவில்லை. ஆனாலும் இங்கிலாந்துப் பட்டியலில் 8ஆம் இடத்துக்கும் அமெரிக்காவில் 23ஆம் இடத்துக்கும் போனது.

கேட்டு முடித்த பிறகு

ஊசியைத் தட்டின் மேலேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். தட்டை உள்ளுறைக்குள் போடுங்கள். வெறும் காகித உறை என்றால் நிலைமின் தடுக்கும் பிளாஸ்டிக் உறை ஒன்று வாங்கிப் போட்டுவிடுவது நல்லது. செங்குத்தாக நிறுத்தி வைக்க வேண்டும். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் நெளியும். நம் ஊர் வெயிலில் ஜன்னலோரம், பூட்டிய கார், டிவிக்கு மேலே எல்லாம் ஆபத்து. கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் அட்டையில் பூஞ்சை பிடிக்கும். அலமாரியைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்து, அவ்வப்போது தட்டுகளை எடுத்துக் காற்றாட வையுங்கள். ஊசி சாதாரணமாக 300 முதல் 500 மணி நேரம் உழைக்கும். அதற்குப் பிறகு நன்றாகக் கேட்பது போலிருந்தாலும் மாற்றிவிடுங்கள், தேய்ந்த ஊசி தட்டை அறுக்கும்.

அடுத்து எதைக் கேட்பது என்றால், அதே 1970 செப்டம்பரில் வந்த 'பாரனாய்ட்', அப்புறம் 1971இன் 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'. மூன்றாவதில் அயோமி தந்திகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கியிருப்பார். ஆனால் அவற்றுக்குப் போவதற்கு முன் இந்த முதல் தட்டையே இன்னொருமுறை போட்டு, இந்தத் தடவை பில் வார்டின் டிரம்ஸை மட்டும் கேளுங்கள்.